ஆப்பிரிக்காவில் பல்கலைக்கழகம் தேடுவது எப்படி

அக்கா மகள் அப்போது பி.எஸ்சி. மைக்ரோபயாலஜி கடைசி வருடம். காசநோய்க் கிருமியில்தான் ஆராய்ச்சி செய்வேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். இங்கிலாந்து, அமெரிக்கா எல்லாம் கட்டுப்படியாகாது என்று தெரிந்ததும் ஆப்பிரிக்கா பக்கம் திரும்பினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை லேப்டாப்போடு வந்து உட்கார்ந்தாள். திறந்து வைத்திருந்த நான்கு பக்கங்களிலும் "ஆப்பிரிக்காவின் முதல் பத்துப் பல்கலைக்கழகங்கள்" என்றுதான் தலைப்பு, ஆனால் வரிசை நான்கிலும் நான்கு விதம். ஒன்றில் கெய்ரோ மேலே இருக்கிறது, இன்னொன்றில் ஆளையே காணோம். "எதை மாமா நம்புறது?" என்றாள். எதையும் நம்பாதே, முதலில் மூடு என்றேன். அதற்கப்புறம் ஒன்றரை வருடம் இரண்டு பேரும் தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பட்டியல்கள் ஏன் ஒத்துப்போவதில்லை என்றால், ஒவ்வொன்றும் அளப்பது வேறு. க்யூ.எஸ். பட்டியலில் கணிசமான மதிப்பெண், பேராசிரியர்களிடமும் வேலை கொடுப்பவர்களிடமும் "எது நல்ல இடம்?" என்று கேட்டு வாங்குவது. ஏற்கெனவே பெயர் உள்ளவருக்கே மறுபடியும் பெயர். ஷாங்காய் பட்டியல் நோபல் பரிசுகளையும், நேச்சர், சயின்ஸ் இதழ்களில் வந்த கட்டுரைகளையும் எண்ணுகிறது. ஸ்பெயினிலிருந்து வரும் வெபோமெட்ரிக்ஸ், இணையத்தில் அந்தப் பல்கலைக்கழகம் எவ்வளவு தெரிகிறது என்பதையும் கணக்கில் எடுக்கும். ஆயிரம் பேர் சேர்ந்து எழுதுகிற துகள் இயற்பியல் கட்டுரை ஒன்றில் இரண்டு பேர் உங்கள் பல்கலைக்கழகத்தவர் என்றால் அதன் மேற்கோள் கணக்கு சும்மா எகிறும். இதில் எதுவுமே காசநோய் லேப் எங்கே நன்றாக இருக்கிறது என்று சொல்லாது. எந்தப் பட்டியலை எடுத்தாலும் சுற்றிச் சுற்றி அதே பெயர்கள்தான்: தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன், விட்வாட்டர்ஸ்ராண்ட், ஸ்டெல்லன்போஷ், பிரிட்டோரியா, ஜோகன்னஸ்பர்க், குவாசுலு நட்டால். எகிப்தில் கெய்ரோ, ஐன் ஷம்ஸ், அலெக்சாண்ட்ரியா. அப்புறம் உகாண்டாவின் மக்கரேரே, கென்யாவின் நைரோபி, நைஜீரியாவின் இபடான், லெகோனில் உள்ள கானா பல்கலைக்கழகம். பட்டியலால் கிடைக்கும் ஒரே உபயோகம் இந்தப் பெயர்கள்தான். குறித்துக்கொண்டு மூடிவிடலாம்.

தேடவேண்டிய வழி இதற்கு நேர் எதிர். உங்கள் பாடம் எந்த ஊரின் மண்ணில் கிடக்கிறது என்று பாருங்கள். ஆப்பிரிக்காவில் பெயர் வாங்கிய துறைகள் பெரும்பாலும் வாசலில் இருப்பதை எடுத்துப் படித்தே பெயர் வாங்கியவை.

காசநோயையே எடுத்துக்கொள்ளுங்கள். குவாசுலு நட்டால் மாகாணத்தில் துகேலா ஃபெரி என்று ஒரு கிராமப்புற ஊர். அங்கிருந்த மருத்துவமனையில் 2005, 2006 வாக்கில் முக்கியமான மருந்துகள் பலவற்றுக்கும் மசியாத காசநோய் 53 பேருக்கு இருப்பது தெரிந்தது, அவர்களில் 52 பேர் இறந்துபோனார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது. அந்த மாகாணத்தில் எச்.ஐ.வி.யும் காசநோயும் கைகோர்த்து நடக்கின்றன, அதனால்தான் டர்பனில் அத்தனை ஆராய்ச்சி நிலையங்கள். குவாசுலு நட்டால் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரி வளாகத்தில் இருக்கும் காப்ரிசா என்ற எய்ட்ஸ் ஆராய்ச்சி நிலையம் 2002ல் தொடங்கியது. சலீம் அப்துல் கரீமும் குராய்ஷா அப்துல் கரீமும் முன்னின்று நடத்தும் இடம். பெண்கள் தாங்களே பயன்படுத்தக்கூடிய ஒரு மருந்து ஜெல், எச்.ஐ.வி. தொற்றை 39 சதவீதம் குறைத்தது என்று 2010ல் காட்டியவர்கள் இவர்கள். பொதுப் பட்டியலில் குவாசுலு நட்டால் ஐந்தாவதோ ஏழாவதோ இருக்கும். காசநோய் ஆராய்ச்சிக்காரிக்கு அது முதல் இடம்.

இதே கணக்கை மற்றப் பாடங்களுக்கும் போட்டுப் பாருங்கள். வானியல் என்றால் தென்னாப்பிரிக்காவின் கரூ வறண்ட நிலம்: 64 தட்டுகள் கொண்ட மீர்காட் ரேடியோ தொலைநோக்கி 2018 முதல் அங்கே ஓடுகிறது, எஸ்.கே.ஏ. என்ற பன்னாட்டு ரேடியோ தொலைநோக்கித் திட்டத்தின் ஒரு பாதியும் அங்கேதான் எழும்புகிறது, அதில் இந்தியாவும் பங்காளி. சதர்லண்டில் உள்ள சால்ட் தொலைநோக்கியில் புனேயின் வானியல் ஆய்வு நிலையமான ஐயூக்கா பங்கு வைத்திருக்கிறது. ஆகவே கேப் டவுன், வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகங்களுக்கு எழுதும்போது "நான் இந்தியாவிலிருந்து" என்பது அந்நியமான வாக்கியமாக இருக்காது. கால்நடை மருத்துவம் என்றால் பிரிட்டோரியா பல்கலைக்கழகத்தின் ஒண்டர்ஸ்டபூர்ட். தென்னாப்பிரிக்கா முழுவதற்கும் கால்நடை மருத்துவப் படிப்பு அந்த ஓரிடத்தில்தான்.

விட்ஸ் கதை எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடிக்கும். விட்வாட்டர்ஸ்ராண்டை எல்லோரும் விட்ஸ் என்றுதான் சொல்வார்கள். 1896ல் கிம்பர்லியில் சுரங்கப் பள்ளியாக ஆரம்பித்து, தங்கத்தைத் தேடி ஜோகன்னஸ்பர்க் வந்து, 1922ல் பல்கலைக்கழகமானது. தங்கம் தோண்டிய பக்கத்திலேயே சுண்ணாம்புக் குகைகளும் இருந்தன, குகைகளில் ஆதி மனிதனின் எலும்புகள். 2013ல் விட்ஸின் தொல்மானுடவியலாளர் லீ பெர்கர் ஃபேஸ்புக்கில் ஓர் அறிவிப்புப் போட்டார்: விஞ்ஞானிகள் வேண்டும், குகைக்குள் இறங்கிப் பழக்கம் வேண்டும், முக்கியமாக ஒல்லியாக இருக்க வேண்டும். ஏனென்றால் எலும்பு கிடந்த அறைக்குப் போகும் வழியில் ஓரிடம் 18 சென்டிமீட்டர் அகலம்தான். நம் ஊர் பதினைந்து சென்டிமீட்டர் ஸ்கேலை எடுத்துப் பிடித்துப் பாருங்கள், அதைவிடக் கொஞ்சம்தான் நீளம். ஆறு பெண்கள் தேர்வானார்கள், உள்ளே போய் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புத் துண்டுகளை எடுத்து வந்தார்கள். 2015ல் ஹோமோ நாலெடி என்ற புதிய ஆதி மனித இனம் என்று உலகத்துக்கு அறிவித்தார்கள். மானுடவியல் படிக்கிறவர் இந்த ஊரை விட்டுவிட்டு ரேங்க் பார்த்துக்கொண்டிருந்தால் என்ன சொல்வது?

ஒரு பல்கலைக்கழகம் பழமையானது என்பதற்காகவும் போய்விடாதீர்கள். மொராக்கோவின் ஃபெஸ் நகரத்தில் உள்ள அல் கராவியீன் 859ல் ஃபாத்திமா அல் ஃபிஹ்ரி என்ற பெண் கட்டியது என்பார்கள். கெய்ரோவின் அல் அஸ்ஹரும் ஆயிரம் வருடத்துக்கு மேற்பட்டது. பெருமைதான், ஆனால் அரபியும் இஸ்லாமியக் கல்வியும் உங்கள் துறையாக இருந்தால் மட்டுமே அவை உங்களுக்கு. மொழி விஷயத்தை முதல் நாளே பார்த்துவிடுங்கள்: மொராக்கோ, அல்ஜீரியா, துனீசியா, செனகல் பக்கம் பிரெஞ்சு இல்லாமல் நகர முடியாது, அங்கோலா, மொசாம்பிக்கில் போர்த்துகீசியம். எகிப்தில் மருத்துவம், பொறியியல் ஆங்கிலத்தில் நடக்கும், ஆனால் வார்டில் நோயாளி அரபியில்தான் பேசுவார். நமக்கு வசதி கிழக்கு, தெற்கு ஆப்பிரிக்காவும், மேற்கில் கானா, நைஜீரியாவும்.

சரி, ஊர் முடிவாகிவிட்டது. இனிமேல்தான் நாங்கள் அடி வாங்கிய இடம்.

தென்னாப்பிரிக்காவில் பி.எஸ்சி. மூன்று வருடம், அதற்கப்புறம் ஆனர்ஸ் என்று தனியாக ஒரு வருடம், அதற்கப்புறம்தான் முதுகலை. நம் ஊரில் ஆனர்ஸ் என்றால் டிகிரியோடு ஒட்டிய பெயர் என்று நினைப்போம். அங்கே அது தனிப் படி. அவர்கள் கணக்கில் டிகிரி 7ஆம் நிலை, ஆனர்ஸ் 8, முதுகலை 9, முனைவர் பட்டம் 10. மூன்று வருட பி.எஸ்சி.யைக் கையில் வைத்துக்கொண்டு முதுகலைக்கு விண்ணப்பம் போட்டால், விண்ணப்பக் கட்டணத்தை வாங்கிக்கொண்டு "8ஆம் நிலை இல்லை" என்று இரண்டு வரியில் பதில் வரும். அக்கா மகளுக்கு வந்தது. நான்கு வருட பி.இ., பி.டெக். படித்தவர்களுக்கு இந்தச் சிக்கல் பெரும்பாலும் இல்லை, ஆனாலும் துறைக்கு ஒரு மெயில் போட்டுக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். நம் டிகிரி அவர்கள் கணக்கில் எந்த நிலை என்று சொல்வதற்கு சாக்கா என்ற அரசு அமைப்பு இருக்கிறது. அதன் மதிப்பீட்டுச் சான்றிதழைச் சில இடங்களில் கேட்பார்கள், வந்து சேர வாரக்கணக்கில் ஆகும், முன்னாடியே போட்டு வையுங்கள்.

என்னைக் கேட்டால் பி.எஸ்சி.யோடு அவசரப்பட்டு விமானம் ஏறவே வேண்டாம். எம்.எஸ்சி.யை இங்கே அரசுக் கல்லூரியிலோ பல்கலைக்கழகத்திலோ குறைந்த செலவில் முடித்துவிட்டு, நேராக முனைவர் பட்டத்துக்குப் போவதுதான் கணக்குக்கு ஒத்து வரும். அதற்குக் காரணம் இருக்கிறது. தென்னாப்பிரிக்க அரசு பல்கலைக்கழகங்களுக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு பங்கு, எத்தனை பேர் முனைவர் பட்டம் முடித்தார்கள், அங்கீகாரம் பெற்ற இதழ்களில் எத்தனை கட்டுரை வந்தது என்பதைப் பொறுத்தது. ஒரு பிஎச்.டி. மாணவர் முடித்துப் போனால் பல்கலைக்கழகத்துக்கு வருமானம். அதனால் நல்ல பிஎச்.டி. மாணவருக்குக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்வதும், வழிகாட்டியின் ஆய்வு நிதியிலிருந்து மாத உதவி கொடுப்பதும் அங்கே நடக்கிற காரியம். முதல் டிகிரி படிக்கப் போகிறவருக்கு இந்தக் கதவுகள் எல்லாம் சாத்தித்தான் இருக்கும். அதோடு வெளிநாட்டு மாணவர் கட்டணம் என்று தனியாக ஒன்று சேரும். தெற்கு ஆப்பிரிக்க வளர்ச்சிச் சமூகம் (எஸ்.ஏ.டி.சி.) என்ற கூட்டமைப்பு நாடுகளின் மாணவர்களுக்கு மட்டும் உள்ளூர்க் கட்டணத்துக்கு நெருக்கமாக வரும். மொரீஷியஸும் அதில் உறுப்பு நாடு, ஆகவே இதைப் படிக்கிற மொரீஷியஸ்காரர் யாராவது இருந்தால் உங்கள் கணக்கே வேறு.

அங்கே பிஎச்.டி. என்றால் வகுப்பு, நுழைவுத் தேர்வு என்று பெரும்பாலும் எதுவும் கிடையாது. வழிகாட்டி ஒருவர் "சரி" என்றால் பாதி வேலை முடிந்தது. எனவே விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன்னால் ஆளைப் பிடிக்க வேண்டும். துறையின் ஆசிரியர் பட்டியலுக்குப் போங்கள், ஒவ்வொருவர் பெயரையும் கூகுள் ஸ்காலரில் போடுங்கள், கடைசி மூன்று வருடத்தில் கட்டுரை வந்திருக்கிறதா என்று பாருங்கள். அதைவிட முக்கியமாக, அந்தக் கட்டுரைகளில் முதல் பெயர் யாருடையது என்று பாருங்கள். மாணவர் பெயர் முதலில் வருகிற லேப் நல்ல லேப். வழிகாட்டி எல்லாவற்றிலும் தன் பெயரையே முதலில் போட்டிருந்தால் நான் அந்தப் பக்கம் போகமாட்டேன்.

அப்புறம் மெயில். அக்கா மகள் முதலில் எழுதியது இப்படி இருந்தது: மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் பெருமைமிகு ஆய்வகத்தில் சேர எனக்குப் பேரார்வம், நான் கடின உழைப்பாளி, தங்கள் கனிவான பதிலை எதிர்நோக்கி. இருபது பேருக்கு ஒரே நாளில் அனுப்பினாள். அதில் ஏழு பேர் பெண்கள். பதில் பூஜ்யம். இரண்டு மாதம் கழித்து, நான்கே நான்கு பேரைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவரின் இரண்டு கட்டுரைகளை உட்கார்ந்து படித்து, புதிதாக எழுதினாள். பேராசிரியர், பிறகு குடும்பப் பெயர், அவ்வளவுதான் விளிப்பு. முதல் வரியில் அவருடைய கட்டுரையில் ஒரு குறிப்பிட்ட விஷயம். இரண்டாவது வரியில், தான் காசநோய் மருத்துவமனையில் இரண்டு மாதம் சளி மாதிரிகளுக்கு ஸ்லைடு போட்டுப் பழகியது. மூன்றாவதாக ஒரு கேள்வி. கடைசியில் எந்த வருடம் வர முடியும், நிதி உதவிக்கு எங்கே விண்ணப்பிக்கப் போகிறாள் என்பது. மொத்தம் பன்னிரண்டு வரி, மதிப்பெண் பட்டியலும் சுயவிவரமும் ஒரே பிடிஎஃப்பாக. இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் இடமில்லை என்றார். இன்னொருவர் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிவிட்டு, எம்.எஸ்சி. முடிக்கிற சமயத்தில் மறுபடி எழுது என்றார். அது போதும்.

குடும்பப் பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது. நமக்கு இனிஷியல்தான், அங்கே படிவம் குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கே போகாது. பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லா இடத்திலும் போடுங்கள். மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னாலும் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னாலும் இருந்தால், இரண்டும் ஒரே ஆள்தான் என்று ஒரு நோட்டரி சான்று வாங்கி வையுங்கள். விசாவில் ஒரு பெயர், சேர்க்கைக் கடிதத்தில் ஒரு பெயர் என்றால் பட்டபாடு சொல்லி மாளாது.

காலண்டரும் மாறும். தென்னாப்பிரிக்காவில் கல்வியாண்டு பிப்ரவரியில் ஆரம்பித்து நவம்பரில் முடியும். அதற்கு முந்தின வருடமே, பல இடங்களில் ஜூலைக்கும் அக்டோபருக்கும் நடுவில், விண்ணப்பம் மூடிவிடும். நம் பழக்கத்தில் ரிசல்ட் வந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் ஒரு வருடம் போச்சு. உகாண்டா, எகிப்து பக்கம் ஆகஸ்டிலிருந்து அக்டோபருக்குள் ஆரம்பம்.

இன்னொரு பழக்கமும் வேண்டும். பல்கலைக்கழகப் பெயரோடு வேலைநிறுத்தம் என்ற சொல்லையும் சேர்த்துத் தேடிப் பார்ப்பது. நைஜீரியாவில் அரசுப் பல்கலைக்கழக ஆசிரியர் சங்கம் 2022 பிப்ரவரி 14ல் தொடங்கிய வேலைநிறுத்தம் அக்டோபர் 14 வரை, சரியாக எட்டு மாதம் நீடித்தது. இபடான் 1948ல் தொடங்கியது, எழுத்தாளர்கள் சினுவா அச்செபேயும் வோலே சோயிங்காவும் படித்த இடம், ஆப்பிரிக்க வரலாற்றுக்கு அதைவிட்டால் ஆளில்லை, எல்லாம் சரி. ஆனால் அங்கே மாணவர்கள் படிப்புக்காலத்தைக் கேட்டால் "நான்கு வருடம், கூட்டல் எக்ஸ்" என்று சிரிப்பார்கள். அந்த எக்ஸுக்கு உங்களிடம் பணமும் பொறுமையும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தென்னாப்பிரிக்காவிலும் 2015, 2016ல் கட்டண உயர்வை எதிர்த்து மாணவர்கள் எழுந்தபோது வளாகங்கள் மூடிக் கிடந்தன. இப்போது படித்துக்கொண்டிருக்கும் மாணவர் ஒருவரைப் பிடித்துக் கேட்டால் போனில் பத்து நிமிடத்தில் எல்லாம் தெரிந்துவிடும்.

மக்கரேரேயைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் விட மனசில்லை. 1922ல் தச்சு, கட்டட வேலை, இயந்திர வேலை படிக்க வந்த 14 பேரோடு தொடங்கிய பள்ளி அது. பிறகு தான்சானியா அதிபரான நியெரேரே, கென்யா அதிபரான கிபாகி, எழுத்தாளர் ஙுகி எல்லோரும் அங்கேதான் படித்தார்கள். 2020ல் அதன் பழைய முதன்மைக் கட்டடம் தீப்பிடித்தபோது ஊரே அழுதது. தொற்றுநோய், பொதுச் சுகாதாரம், வெப்பமண்டல விவசாயம் என்று போகிறவர்கள் தென்னாப்பிரிக்காவைத் தாண்டி இங்கே ஒரு கண் வைக்கலாம். செலவும் குறைவு. கேட்டைத் தாண்டினால் வாண்டகேயா சந்தி, அங்கே முட்டை ஆம்லெட்டைச் சப்பாத்தியில் சுருட்டிக் கொடுக்கிறார்கள், பெயர் ரோலெக்ஸ். நம் ஆட்கள் கொண்டுபோன சப்பாத்திதான்.

நம் ஆட்கள் என்றால் டர்பனைச் சொல்லாமல் தீராது. 1860ல் சென்னையிலிருந்து ட்ரூரோ கப்பலில் கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு வெள்ளையர் பல்கலைக்கழகத்தில் இடம் தராமல், 1961ல் சாலிஸ்பரி தீவில் இந்தியர்களுக்கென்று தனிக் கல்லூரி ஒதுக்கினார்கள். அதுதான் டர்பன் வெஸ்ட்வில் பல்கலைக்கழகமாகி, 2004ல் நட்டால் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து இன்றைய குவாசுலு நட்டால் ஆனது. வெஸ்ட்வில் வளாகத்தில் நாயுடு, பிள்ளை, கவுண்டன் என்று பெயர்ப் பலகை பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள், தமிழில் பேசினால் பதில் வரும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். நைரோபி பல்கலைக்கழகத்தில் காந்தி சிலை இருக்கிறது, 1956ல் திறந்து வைத்தவர் திருத்தணிக்காரர் ராதாகிருஷ்ணன். 2023ல் சென்னை ஐஐடி சான்சிபாரில் ஒரு வளாகமே திறந்துவிட்டது, வெளிநாட்டில் முதல் ஐஐடி அதுதான்.

மருத்துவம் படிக்கப் போகிறவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. இந்தியாவின் தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021 விதிமுறைப்படி, நீட் தேறியிருக்க வேண்டும், படிப்பு குறைந்தது 54 மாதம், அதே இடத்தில் 12 மாதப் பயிற்சி, ஆங்கில வழி, அந்த நாட்டிலேயே மருத்துவராகப் பதிவு செய்யத் தகுதி தருவதாக இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் திரும்பி வந்து ஊசி போட முடியாது. ஏஜென்ட் "அதெல்லாம் பாத்துக்கலாம் சார்" என்பார். எங்களிடமும் ஒருவர் முன்பணம் கேட்டார், விண்ணப்பம் என்பது பல்கலைக்கழக இணையதளத்தில் அரை மணி நேர வேலை என்று அப்போது எங்களுக்கே தெரியாது. நல்ல வேளை, ஏடிஎம்மில் கூட்டம்.

விசாவுக்குத் தென்னாப்பிரிக்கா அந்நாட்டில் பதிவான மருத்துவக் காப்பீடு கேட்கும், போலீஸ் சான்றும் கேட்கும். கென்யா, உகாண்டா, கானா, நைஜீரியா என்றால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. சென்னைக்காரர்களுக்குக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுவார்கள், பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட்டிருக்க வேண்டும், ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் செல்லும். அந்த மஞ்சள் அட்டையைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள், ஏனென்றால் கேட்பவர்கள் அங்கே மட்டுமில்லை. விடுமுறைக்குத் திரும்பி வரும்போது அட்டை இல்லையென்றால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். நைரோபி, அடிஸ் அபாபா வழியாகத் தென்னாப்பிரிக்கா போகிறவர்கள் இடையில் நீண்ட நேரம் தங்கினால் அவர்களிடமும் கேட்கலாம்.

பெட்டி கட்டும்போது ஒரு விஷயம். கென்யா, உகாண்டா, கானாவில் சதுர முனை பிளக், அடாப்டர் வாங்கியாக வேண்டும். தென்னாப்பிரிக்காவில் பரவலாக இருப்பது நம் வீட்டில் ஏசிக்கும் கீசருக்கும் போடுகிற அந்தப் பெரிய மூன்று உருண்டை முனை பிளக்தான். தெருமுனை எலக்ட்ரிகல் கடையில் பவர் பிளக் என்று கேளுங்கள், கொடுப்பார்கள். அதைப் பூட்டிய ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் எடுத்துப் போனால் அங்கே போய் அலைய வேண்டாம்.